போலந்து எஞ்சினுக்குப் பன்னிரண்டு தேசிக்காய்

எங்கள் மாமாவிடம் சொந்தமாக ஒரு ரயில் இருக்கிறது என்று நான் பள்ளிக்கூடத்தில் சொல்லித் திரிந்தது முழுப் பொய் அல்ல. ரயில் உண்டு, அவருடையது இல்லை, அவ்வளவுதான். இல்ஃபோர்டில் எங்கள் வீட்டுக்குப் பின்தெருவில் இருந்த பூங்காவில், வாத்துக்குளத்தைச் சுற்றிக் குறுகலான தண்டவாளம் போட்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அதில் ஒரு குட்டி ரயில் ஓடும். ஓய்வுபெற்ற வெள்ளைக்காரர்கள் சிலர் சங்கம் வைத்து அதை நடத்தினார்கள். சம்பளம் கிடையாது, ஆளுக்கொரு தொப்பி மட்டும்.

மாமா என்பது அம்மாவின் தம்பி. ஊரில் இருபது வருடம் பெரிய ரயில் ஓட்டியவர். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எங்களிடம் வந்து சேர்ந்தார். அகதி விண்ணப்பத்துக்குப் பதில் வரும்வரை வேலை செய்யக்கூடாது என்றிருந்தார்கள். ஆகவே தினமும் விடியவே எழும்பிச் சவரம் செய்து, சட்டையை மடிப்புக் கலையாமல் உடுத்திக்கொண்டு, எங்கும் போகாமல் இருந்தார். அதைப் பார்க்க அம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

“தம்பி, அந்தப் பார்க்குப் பக்கமாவது ஒருக்கால் போட்டு வாவன்” என்று துரத்திவிடுவார்.

அப்படிப் போனவர் அந்த ரயிலடியில் ஒட்டிக்கொண்டார். புல் வெட்டினார், உக்கிய சிலிப்பர் கட்டைகளை மாற்றினார், இரண்டு பெட்டிகளுக்கும் பச்சை வர்ணம் அடித்தார். எல்லாம் செய்ய விட்டவர்கள் எஞ்சினை மட்டும் தொட விடவில்லை. சங்கத் தலைவர் நல்ல மனிதர்தான், ஆனால் சட்டம் என்றால் சட்டம். மாமாவின் டிரைவர் சான்றிதழ்களோ ஊரில் நடந்த போரில் வீட்டோடு சேர்த்து எரிந்துபோயிருந்தன.

அந்த வசந்தத்தில் போலந்திலிருந்து லாரியில் ஒரு டீசல் எஞ்சின் வந்து இறங்கியது. சிவப்பு நிறம், சக்கரம் என்று பார்த்தால் நாலே நாலு சில்லு. அங்கே ஒரு பூங்காவில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஓடியதாம். அந்த நாட்டில் இப்படிப்பட்ட ரயில்களில் டிக்கெட் கிழிப்பதும் கொடி காட்டுவதும் பள்ளிக்கூடப் பிள்ளைகள்தான் என்று தலைவர் சொன்னபோது, நாங்கள் பிழையான நாட்டுக்கு வந்துவிட்டோம் என்று எனக்குப் பட்டது.

எஞ்சினுக்குள் இருந்த ஒவ்வொரு விசைக்கும் போலந்து மொழியில் பெயர் எழுதியிருந்தது. சங்கத்தில் ஒருவருக்கும் வாசிக்கத் தெரியாது. மாமாவுக்கும் தெரியாது. ஆனால் அவர் வெளியே நின்றபடியே, இது பிரேக், இது ஹார்ன் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு போனார். தலைவர் தாடையைத் தடவினார். வருகிற ஞாயிறு ஆட்களை ஏற்றி மூன்று சுற்று ஓட்டிக் காட்டட்டும், சரிவந்தால் டிரைவர், இல்லையென்றால் பழையபடி புல் வெட்டலாம் என்றார்.

அந்தக் கிழமை முழுக்க மாமாவுக்குச் சோறு இறங்கவில்லை.

“புது எஞ்சின், முதல் ஓட்டம். சில்லுக்குத் தேசிக்காய் வைக்காமல் எடுக்கக்கூடாது” என்றார் அம்மா. எலுமிச்சங்காய்க்கு எங்கள் வீட்டில் அதுதான் பெயர்.

“அது வெள்ளைக்காரன்ரை பார்க், அக்கா. அதெல்லாம் அங்கை செய்ய ஏலாது.”

அம்மா வாதாடவில்லை. வாதாடாத அம்மாவைத்தான் நாங்கள் கவனிக்கவேண்டும். ஊறுகாய் போடக் குட்மேய்ஸ் தமிழ்க் கடையில் வாங்கிய தேசிக்காய்ப் பையை ஞாயிறு காலை என் கையில் தந்து, எஞ்சின் சில்லுகளுக்கு முன்னால் ஒவ்வொன்று, ஒருவரும் பாராத நேரம் வைத்துவிட்டு வா என்றார்.

எனக்கு ஒன்பது வயது, நீதி நியாயம் கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது. எஞ்சினுக்கு மட்டும் வைத்தால் பெட்டிகள் என்ன பாவம் செய்தன? பெட்டிக்கு நாலு சில்லு, இரண்டு பெட்டி. பையிலும் கணக்காகப் பன்னிரண்டு இருந்தது. சனம் டிக்கெட்டுக்கு வரிசையில் நிற்க, பன்னிரண்டையும் வைத்து முடித்து, கூட்டத்தில் நின்ற அம்மாவிடம் ஓடிவந்தேன்.

மாமா ஏறினார். தலைவர் பக்கத்தில் ஏறினார். ரயில் புறப்பட, தேசிக்காய்கள் ஒவ்வொன்றாய் நசுங்கின. நிலையம் தாண்டினால் ஒரு சின்ன ஏற்றம். முதல் சுற்றில் எஞ்சின் முக்கி முனகி ஏறிவிட்டது. இரண்டாம் சுற்றில், பெட்டிகள் நசுக்கியதையும் சேர்த்துப் பன்னிரண்டின் சாற்றிலும் மிதித்துக்கொண்டு வந்து, ஏற்றத்தில் நின்றுவிட்டது. சில்லுகள் மட்டும் நின்ற இடத்திலேயே வழுக்கிச் சுற்றின. தலைவர் மணிக்கூட்டைப் பார்த்தார்.

மாமா இறங்கிச் சில்லை விரலால் தொட்டு முகர்ந்தார். பிறகு நிமிர்ந்து கூட்டத்தைப் பார்த்தார். நான் அம்மாவுக்குப் பின்னால் ஒளிந்தேன். அம்மா எனக்குப் பின்னால் ஒளிய இடம் தேடினார்.

“பிள்ளை, இஞ்சை வா. அந்தச் சின்னப்பிள்ளையள் விளையாடுற இடத்திலை ஒரு வாளி காய்ஞ்ச மணல் அள்ளிக்கொண்டு வா” என்றார் மாமா.

எஞ்சினுக்குள் ஓர் இரும்புப் பெட்டி இருந்தது. எஞ்சின் வந்த நாளிலிருந்து தலைவர் தன் மதியச் சாப்பாட்டை அதற்குள்தான் வைப்பார். மாமா சான்ட்விச் பொதியை எடுத்து, பிரசாதம் போல இரண்டு கையாலும் அவரிடம் கொடுத்தார். நான் கொண்டுவந்த மணலை அந்தப் பெட்டிக்குள் கொட்டி, ஒருவருக்கும் பெயர் விளங்காத ஒரு விசையை இழுத்தார். பெட்டியின் அடிக்குழாயால் மணல் சில்லுக்கு முன்னால் மெல்லச் சொரிந்தது. எஞ்சின் தண்டவாளத்தைக் கவ்விப் பிடித்து ஏறியது. பின்பெட்டிகளில் இருந்த சனம் கைதட்டியது.

மூன்றாம் சுற்று முடிய, தலைவர் தன் சொந்தத் தொப்பியைக் கழற்றி மாமாவின் தலையில் வைத்தார். இந்தக் காய்கள் எப்படி வந்தன என்று கேட்டார். புது எஞ்சினுக்கு இது எங்கள் ரயில்வேயின் ஒழுங்கு என்று மாமா கூசாமல் சொன்னார். தலைவர் அதைக் குறித்துக்கொண்டார். தேசிக்காய் இல்லாவிட்டால் எஞ்சின் நின்றிருக்குமா, நிற்காவிட்டால் தம்பியின் கெட்டித்தனம் யாருக்குத் தெரிந்திருக்கும் என்று அம்மா இன்றைக்கும் கேட்பார்.

சனம் கலைந்த பிறகு, பாதையை ஒருமுறை நடந்து பார்க்கவேண்டும் என்றார் மாமா. தேசிக்காய்த் தோல் பொறுக்க நானும் போனேன்.

“என்ரை அடியிலையே உன்ரை அடியை வைச்சு வா, பிள்ளை. விலகாதை” என்றார்.

அவர் எட்டி வைத்த இடமெல்லாம் நான் பாய்ந்து பாய்ந்து கால் வைத்தேன். அவர் ஒவ்வொரு தண்டவாள மூட்டிலும் குனிந்தார். கல் புதிதாகக் கிளறியிருந்த இடங்களில் நின்று பார்த்தார். தோல் ஒன்றும் அங்கே இல்லையே என்று நான் சொல்லியும் அவருக்குக் கேட்கவில்லை. இப்படி ஒரு கவனமான டிரைவரைத் தான் கண்டதில்லை என்று தலைவர் அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாராம்.

ஊரில் அவருடைய பாதையில் கடைசி வருடங்களில் கண்ணிவெடி தேடித்தான் நடந்தார்கள் என்பதை நான் பல்கலைக்கழகம் போன பிறகே அறிந்தேன். அன்றைக்கு எனக்கு அது நல்ல விளையாட்டு. நான் பின்னால் இருக்கிறேனா என்று மாமா அடிக்கடி கையைப் பின்னால் நீட்டித் தடவிப் பார்த்தார். நான் ஒவ்வொரு முறையும் தலையைக் குனிந்து, அவர் கைக்கு எட்டாமல் சிரித்துக்கொண்டே வந்தேன்.