தீவின் மறுபக்கம் பெய்த மழை

நான் இப்போது குடியிருக்கும் நிக்டி நகரில் மழைக்கு முன்னரே ஈரமண் வாசம் பால்கனிக்கு வந்துவிட்டது. கண்ணை மூடினால் போர்ட் பிளேர். தகரக் கூரை, அதன் கீழே மழைநீர் பிடிக்கும் பீப்பாய்.

அந்தமானில் மே முதல் டிசம்பர் வரை இரண்டு பருவமழையும் அடுத்தடுத்துப் பெய்யும். பிறகு வானம் மறந்துவிடும். அப்படியொரு ஏப்ரல் கடைசியில் இதே வாசம் வந்தது. புதுமழைக்காகப் பீப்பாயைக் கழுவ, மிச்சமிருந்த குடிதண்ணீரைக் கீழே ஊற்றிவிட்டேன். மேகமோ மெல்ல மிதந்து, தீவின் மறுபக்கம் போய்ப் பெய்தது.

"வராத மழைய நம்பி இருக்கிற தண்ணிய எவளாவது ஊத்துவாளாடி?" என்றார் அப்பா.

"வாசம் வந்துச்சுங்க, ஊத்திட்டேன்" என்றாள் நிறைமாத அம்மா. குடத்தோடு மேட்டிலிருந்து கிணற்றுக்கு இறங்கினாள்.

இங்கே தூறல் தொடங்கிவிட்டது. அப்பா, ஊற்றியது நான்தான்.