இரண்டு வாளி சர்க்கரைப் பொங்கல்

நான் மாடு வளர்த்த கதையை யாராவது எடுத்தால் என் மனைவி எழுந்து போய்விடுவாள். திருநெல்வேலிப் பக்கம் தையல்காரர் வீட்டில் பிறந்து, ஒரகடம் கம்பெனி ஒன்றில் ஆறு வருஷம் லைனில் நின்றவனுக்கு மாட்டைப் பற்றி என்ன தெரியும்? காண்ட்ராக்ட் முடிந்து அனுப்பியபோது, இனி எந்த சூப்பர்வைசரிடமும் கைகட்டி நிற்கமாட்டேன் என்ற வீம்பில் ஒரு கிடேரியை வாங்கினேன். பென்னலூரில் வாடகை வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டேன்.

மேய்க்க இடமில்லை, எங்கு பார்த்தாலும் காம்பவுண்டுச் சுவர். பழைய கம்பெனி கேன்டீனில் மிஞ்சும் சோற்றை நண்பன் ஒருவன் எடுத்து வைப்பான். வாளியில் கொண்டுவந்து கொட்டுவேன். மாடு ஆசையாகத் தின்னும், எனக்குப் பெருமை தாங்காது.

பக்கத்து வீட்டில் நாலு மாடு வைத்திருந்த உள்ளூர் அக்கா ஒருநாள் எட்டிப் பார்த்தார். "இன்னாப்பா, சோத்தையே வெச்சினு கீற? வவுத்துல புளிச்சிடும்பா. வைக்கோல் போடு."

அவருக்கு என் வாளிமேல் கண் என்று நினைத்தேன். வெளியூர்க்காரன் முன்னேறினால் பொறுக்காது என்று மனைவியிடம் வேறு சொன்னேன். என் புத்தி அவ்வளவுதான்.

ஆயுத பூஜைக்குக் கம்பெனியில் இரண்டு வாளி சர்க்கரைப் பொங்கல் மிஞ்சியது. மாடு நிறைசினை, பத்து நாளில் கன்று போடும். அதன் பாலை நம்பித்தான் எங்கள் பிழைப்பே. மனைவி அதைக் குளிப்பாட்டிப் பொட்டு வைத்திருந்தாள். நல்ல நாளில் அதுவும் வயிறாரச் சாப்பிடட்டும் என்று இரண்டு வாளியையும் கொட்டினேன்.

மறுநாள் காலை அது எழவில்லை. வயிறு உப்பி, பல்லை நறநறவென்று கடித்தபடி கிடந்தது. அந்த அக்காதான் ஓடிப்போய் டாக்டரைக் கூட்டிவந்தார். "என்ன போட்டீங்க?" என்று டாக்டர் கேட்டார். அக்கா வாளியைக் காட்டினார். ஊசி போட்டும் மத்தியானத்துக்குள் உயிர் போய்விட்டது.

மனைவி அதன் வயிற்றில் கைவைத்து உட்கார்ந்திருந்தாள். "ஏங்க, உள்ள இன்னும் அசையுது" என்றாள். கொஞ்ச நேரம் கழித்துக் கையை எடுத்துக்கொண்டாள்.

விதி என்று சொல்லித் தப்பிக்க எனக்கு வழியில்லை. நான்தான் கொன்றேன்.

இப்போது வேறு கம்பெனி, மறுபடி காண்ட்ராக்ட், அதே கைகட்டு. கேன்டீனில் என் தட்டில் ஒரு பருக்கை மிஞ்சாது. போன வாரம் சூப்பர்வைசர் அந்தக் காலித் தட்டைப் புதிதாகச் சேர்ந்தவர்களுக்குக் காட்டி, "சோத்தோட அருமை தெரிஞ்ச மனுஷன், பார்த்துக் கத்துக்கோங்க" என்றார். கைதட்டினார்கள். நான் தட்டைக் கழுவப் போனேன்.