டொக்டருக்காக ஒரு செபம்

டென்மார்க்கின் சில்க்போர்க் நகரில், எங்கள் வீட்டுக்குக் கீழ்த்தளத்தில் வசிப்பவர் பவளராணி. மன்னாரிலிருந்து வந்தவர். முதியோர் இல்லத்தில் நெடுங்காலம் பணிபுரிந்தார். அங்கே யார் இறந்தாலும், வேலை முடிந்து வந்ததும் அவருடைய ஆத்துமாவுக்காகச் செபமாலை சொல்வார். ஓய்வுபெற்ற பின்பும் அவ்வழக்கம் நிற்கவில்லை. வெள்ளிக்கிழமை மாலைகளில் தொலைக்காட்சியில் வரும் பிரித்தானியத் துப்பறியும் தொடர்களில் கொலையுண்டவர்களுக்கு அந்தச் செபமாலை கிடைத்தது.

"செத்தவன் சம்பளத்தை வாங்கிக்கொண்டு வீட்டை போயிருப்பான்" என்று அவருடைய கணவர் பேனாட் சிரிப்பார்.

"போகட்டும். கதையில செத்தது செத்ததுதானே" என்பார் பவளராணி.

அம்மாலைகளில் நானும் என் மனைவி சரோஜினிதேவியும் அங்கே இருப்போம். மீன் அடைத்துப் பொரித்த பற்றிஸ், தேநீர், திரையின் அடியில் டேனிஷ் எழுத்துகள். தொழிற்சாலையில் தரம் பார்க்கும் பிரிவில் இருந்தவன் நான். ஓய்வுக்குப் பின் என் தீர்ப்புக்காக உலகில் எதுவும் காத்திருக்கவில்லை. ஆதலால், கொலைகாரர் யாரென்று உரிய காலத்துக்கு முன்பே அறிவிக்கும் பொறுப்பை ஒருவரும் கேளாமலே ஏற்றிருந்தேன். இரண்டு தொடர்கள் அவ்வாறு கெட்டன.

"அண்ணை, இன்னொருக்கா முடிவைச் சொன்னியளெண்டால் வெள்ளிக்கிழமையில இஞ்சை வரவேண்டாம். சரோஜினியக்காவிட்டைப் பற்றிஸ் குடுத்துவிடுறம்" என்றார் பேனாட்.

வாரத்தில் என் பேச்சைக் கேட்க ஆட்கள் இருந்தது அந்த ஒரு மாலைதான். வாய் திறப்பதில்லை என்று உறுதியளித்தேன்.

அடுத்த தொடர், நான் கல்லூரி நூலகத்தில் படித்த பழைய ஆங்கில நாவலொன்றைத் தழுவியது. முதல் வாரம் வாயில் பற்றிஸை அடைத்துக்கொண்டு தப்பினேன். இரண்டாம் வாரம் பவளராணி ஒரு மெழுகுதிரியை ஏற்றினார்.

"அந்த டொக்டர் நல்ல மனுசன். அடுத்ததா அவரைத்தான் கொல்லப்போறாங்கள். இப்பவே மன்றாடினால் தப்புவார்."

தரம் பார்த்த மனம் பொறுக்கவில்லை. "தங்கச்சி, மெழுகுதிரியை வீணாக்காதேங்கோ. கொலைகாரனே அவர்தான்."

"முடிஞ்சுது" என்றாள் சரோஜினிதேவி.

கடைசிப் பகுதியைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று பேனாட் தண்டனையை ஒரு வாரம் ஒத்திவைத்தார்.

அந்தக் கடைசிப் பகுதியில் கைதானவள், இறந்தவரின் தங்கை. மருத்துவர் குற்றமற்றவர்!

நான் எழுந்தே விட்டேன். நாவலில் அவர்தான் கொலைகாரர், இவர்கள் முடிவையே மாற்றிவிட்டார்கள் என்று முழங்க வாயெடுத்தபோது, சரோஜினிதேவி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"இஞ்சாருங்கோ, நீங்கள் சொன்னது சரியெண்டு நிறுவினால் வெளியில. பிழையெண்டால் உள்ளுக்கை. யோசிச்சுக் கதையுங்கோ."

பேனாட் நீதிபதியைப் போல நிமிர்ந்து அமர்ந்தார். "அண்ணை சொன்னது முடிவா, வாய்க்கு வந்த அலட்டலா?"

என் நினைவாற்றலின் புகழ் ஒரு பக்கம், வெள்ளிக்கிழமை மறுபக்கம்.

"அலட்டல்தான்" என்றேன்.

"பாவம் அந்த டொக்டர்" என்று பவளராணி பெருமூச்செறிந்தார். "உங்கட கதையைக் கேட்டு, கொலைபாதகன் மனந்திரும்பவேணுமெண்டு ஒரு கிழமையா மன்றாடிப்போட்டன். நான் இப்ப அவரிட்டை மன்னிப்புக் கேட்டிட்டன். நீங்களும் கேளுங்கோ."

அந்த மெழுகுதிரியின் மிச்சத்தை ஏற்றி என் கையில் தந்தார். சைவனாகிய நான், அணைத்த தொலைக்காட்சியின் முன் நின்று, உலகில் இல்லாத மருத்துவரிடம் முறைப்படி மன்னிப்புக் கேட்டேன்.

பிறகுதான் பற்றிஸ் தட்டு என் பக்கம் வந்தது.