சைராகுல் அணைத்த வைஃபை

சைராகுல் பதினெட்டு வருஷம் பள்ளியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்தவள். அந்தச் சம்பளத்தில் குடும்பம் நடத்தச் சொன்ன அரசாங்கத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, பிஷ்கெக்கில் தங்கை ஊல்கானோடு சேர்ந்து தையற்கூடம் தொடங்கினாள். அக்கா சீனாவுக்குப் போய்த் துணி வாங்குவாள்; தங்கை வெட்டுவாள். ஊல்கானுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. கைகளால் பேசுவாள், கைகளாலேயே திட்டுவாள். அக்கா ஊரில் இல்லாதபோது வீடியோ கால்தான் அவர்களுக்குப் பேச்சு.

இந்த முறை குவாங்சோ சந்தைக்கு, கூடத்தில் தைக்கும் நானும் துர்சுனாயும் கூடப் போயிருந்தோம். லியாங் கடையில் கோட்டுத் துணி இரண்டு ரகம் இருந்தது. எது தோளில் சரியாக விழும் என்று ஊல்கான் கண்ணால் பார்த்தால்தான் தெரியும். தவறினால் கூடத்தின் ஒன்பது பெண்களுக்கும் குளிர்காலம் முழுக்க வேலை கிடையாது. பன்னிரண்டு மணிக்கு வேறொரு வியாபாரி வருகிறார், அதுவரைதான் காத்திருப்பேன் என்று லியாங் சொல்லிவிட்டார்.

மணி பதினொன்றரை. அழைப்பு போகவே இல்லை. நாங்கள் பேசும் செயலிக்கு அந்த நாட்டில் தடை. தடையைத் தாண்ட ஊரில் போட்டுக்கொண்டு வந்த விபிஎன்னும் சுற்றிக்கொண்டே இருந்தது. ஒரு பெண் தன் தங்கையோடு கையசைத்துப் பேசினால் எந்த ராஜ்ஜியம் கவிழ்ந்துவிடும்?

"போனுக்கு யாரோ கண்ணு வச்சிட்டாங்கக்கா. ஆர்ச்சா தழை இருந்தா புகை காட்டலாம்" என்றாள் துர்சுனாய்.

"காட்டுடி. தீயணைப்பு வண்டி வரும், நீ ஏறிப் போயிடு" என்ற சைராகுல், சட்டென்று வாத்தியாரம்மா ஆனாள். "நேத்து ஏர்போர்ட்லேருந்து பஸ்ல வந்தப்ப ஊல்கான்கிட்ட பேசினேனே, எப்படி?"

"அப்ப நல்ல நேரம்."

"அப்ப வைஃபை இல்லடி! நம்ம ஊர் சிம் மட்டும்தான். அது நம்ம ஊர் வழியாத்தான் வெளிய போகும். கடை வைஃபை இவங்க வாசல் வழியா போகுது, அங்கதான் பூட்டு."

வைஃபையை அணைத்தாள். நான்காவது நொடி திரையில் ஊல்கான். இவ்வளவு நேரம் எங்கே தொலைந்தாய் என்று கைகள் பறந்தன. முதல் துணியைப் பார்த்து மூக்கைப் பொத்தினாள். இரண்டாவதை அக்கா தோளில் போட்டுச் சுற்றிக் காட்டியதும் கட்டைவிரல் உயர்ந்தது. மணி பன்னிரண்டுக்கு ஐந்து நிமிஷம் இருக்கையில் சைராகுல் அதற்கே முன்பணம் கட்டினாள்.

லியாங் கதவைப் பாதி சாத்திவிட்டுத் தயங்கினார். எங்களைப் போன்றவர்களிடம் விற்று விற்று ரஷ்ய மொழி பழகியவர். "அம்மா, எம் பொண்ணு கனடாவுல படிக்குது. அது நெட்ல போடுற படமெல்லாம் எனக்கு இங்க வராது. ஒரு தடவை..."

பெற்ற மகளின் முகத்தைப் பார்க்க ஒரு தகப்பன் அந்நிய தேசத்துக்காரியிடம் கெஞ்ச வேண்டியிருக்கிறது. இதற்குப் பெயர் பாதுகாப்பாம்!

சைராகுல் கைப்பேசியை அப்படியே நீட்டினாள். பனியில் கோட்டுப் போட்டு நின்று சிரிக்கும் பெண்ணை அவர் விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். சைராகுலின் தங்கைக்கும் காட்டச் சொன்னார். படத்தை அனுப்பியதும் ஊல்கான் அழைத்து, கைகளை வேகமாக வீசினாள்.

"என்ன சொல்றாங்க?" என்று ஆவலாகக் கேட்டார் லியாங்.

"பொண்ணு லட்சணமா இருக்காளாம்" என்றாள் சைராகுல்.

கடையைவிட்டு வெளியே வந்த பிறகுதான் எங்களிடம் உண்மையைச் சொன்னாள்: "'தோள் ரெண்டும் தொங்குது, எந்தக் கபோதி வெட்டின கோட்டு இது'ன்னு கேட்டா."