பச்சையாகவே நின்ற நாற்பத்தொரு மரங்கள்

என் பெரியப்பாவுக்கு ஊரில் 'காட்டு ராஜா' என்று பட்டம். ராஜாவின் சட்டையில் இரண்டு பொத்தான்கள் கிடையாது. ராஜ்ஜியம் நான்கு ஏக்கர். மூன்றில் சோளம், மிச்சம் ஒன்றில் யாரும் நடாத, யாரும் வெட்டாத மரங்கள். நாற்பத்தொன்று. எண்ணியது நான்தான். அவர் எண்ணியதில்லை, அவருக்கு ஒவ்வொன்றின் முகமும் தெரியும்.

அந்த ஒரு ஏக்கருக்காக அவர் வாங்கிய ஏச்சு கொஞ்சநஞ்சமல்ல. பன்றி வந்தாலும் அவர்தான் பொறுப்பு, நிழல் விழுந்து வரப்போரச் சோளம் குட்டையானாலும் அவர்தான் பொறுப்பு.

"அதுவும் சும்மா நிக்குது, நீங்களும் சும்மா நிக்கறீங்க. நல்ல ஜோடி," என்பார் பெரியம்மா.

"கிணத்துல தண்ணி நிக்குதுல்ல?" என்பார் அவர். அதோடு பேச்சு முடிந்துவிடும்.

அப்போதுதான் வனத்துறையிலிருந்து மரக் கணக்கு எடுக்க வருகிறார்கள் என்று சேதி கிளம்பியது. பதிவேட்டில் ஏறிவிட்டால் அந்த இடம் காடு. உழவும் முடியாது, விற்கவும் முடியாது. யார் சொன்னது? எல்லாரும் சொன்னார்கள், அதனால் யாரும் சொல்லவில்லை. வெளியூரிலிருந்து பெரியப்பாவின் மகன் போன் செய்தான்.

"எனக்குன்னு சொன்ன நிலம்ப்பா அது. காடுன்னு எழுதிட்டா நான் என்ன, பன்னி மேய்க்கவா?"

பச்சை மரத்தை வெட்ட அனுமதி வேண்டும். பட்ட மரத்துக்கு வேண்டாம். அதனால் அடிமரத்தில் சுற்றிலும் ஒரு சாண் அகலத்துக்குப் பட்டையை உரித்துவிடுவது எங்கள் பக்கத்து விவசாயிகளின் கைவேலை. மரம் தானாகச் செத்ததாகக் கணக்கு. பக்கத்துத் தோட்டத்துக்காரர் தன் மரங்களை இப்படித்தான் முடித்தார். ரம்ப மெஷின் வைத்திருப்பதால் அவர் பெயரே 'மெஷின்'. பெரியப்பாவும் அதற்கே துணிந்ததும், உதவிக்கு வருவதாகச் சொன்னார்.

"வேண்டாம். வேற ஆளு செஞ்சா ஆழமா வெட்டிருவாங்க," என்றார் பெரியப்பா.

கொல்லப் போகிறவருக்குக் காயம் ஆழமாகக் கூடாதாம். நான் சிரித்தேன். அவர் திரும்பிப் பார்த்தார். மேற்கொண்டு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இரண்டு நாளில் நாற்பத்தொன்றையும் முடித்து, உரித்த இடம் வெளியே தெரியாமல் சேறு அப்பினார்.

பட்டை போன மரம் உடனே வாடாது. தண்ணீர் மேலே ஏறிக்கொண்டிருக்கும். இலையின் சாப்பாடுதான் வேருக்கு இறங்காது. வேர் பட்டினியில் சாகிறவரை மேலே பச்சை காட்டும். ஒன்பதாம் நாள் வந்த வனத்துறை அம்மா அந்தப் பச்சையைத்தான் அண்ணாந்து பார்த்தார்.

"ஐயா, இந்தச் சுத்துவட்டாரத்துல இப்படி ஒரு இடம் இல்ல. இங்கேருந்து விதை எடுத்துக்கலாமா? இடம் உங்க பேர்லயே இருக்கும். நீங்க வெட்டாம வச்சிருந்தா போதும்."

"காடுன்னு மாத்த மாட்டீங்களா?"

"யாருங்க அப்படிச் சொன்னது?"

அந்த அம்மா படம் எடுக்கப் பெரியப்பாவை மரத்தடியில் நிறுத்தினார். அவர் சேற்றை மறைத்தபடி மரத்தோடு ஒட்டி நின்றார்.

"கொஞ்சம் சிரிங்க ஐயா."

சிரித்தார்.

ஜீப் போனதும் வீட்டுக் கொல்லைக்கு ஓடினார். "பட்டையெல்லாம் எங்கடி?"

"அடுப்புல நல்லா எரியுதுங்க. இன்னும் ரெண்டு வேளைக்கு வரும்."

மிஞ்சியதை அள்ளிக்கொண்டு போய், பழைய துணியால் மரங்களில் வைத்துக் கட்டினார். துணியின் மறுமுனையை நான் பிடித்தேன். உரித்து ஒன்பது நாளான பட்டை, சுருண்டு விறைத்திருந்தது. எது எந்த மரத்துடையது என்று அவருக்கே தெரியவில்லை.

வேலிக்கு அந்தப் பக்கமிருந்து மெஷின் கேட்டார். "என்னண்ணே, டாக்டர் ஆயிட்டீங்களா? புள்ள பொழைக்குமா?"

பிழைக்கவில்லை. விதை எடுக்க அந்த அம்மா சாக்குப் பையோடு வந்தபோது கீழே இலைதான் கிடந்தது. ஒரு மரத்தின் துணியை அவிழ்த்துப் பார்த்தார். திட்டியிருந்தால் பெரியப்பா இரண்டு வாய் சோறாவது தின்றிருப்பார். அந்த அம்மா சாக்கை மடித்துக்கொண்டு போய்விட்டார்.

காய்ந்த கிளைகள் சோளத்தின் மேல் முறிந்து விழ ஆரம்பித்ததும், வேறு வழியில்லாமல் பெரியப்பா மெஷினைக் கூப்பிட்டார்.

"பச்சையில சொல்லியிருந்தா வெண்ணெய் மாதிரி போயிருக்கும். இப்ப பாருங்க, ரம்பத்துப் பல்லு போகுது," என்று மெஷின் அலுத்துக்கொண்டார். "எந்தப் பக்கம் சாய்க்கட்டும்?"

"சோளத்து மேல விழாம பாத்துக்க," என்று சொல்லிவிட்டுப் பெரியப்பா கயிற்றைப் பிடித்து இழுத்தார்.

மற்ற நாற்பதுக்கும் எந்தப் பக்கம் என்று மெஷின் கேட்கவே இல்லை.