நேற்றைவிட

ஸ்ரீபெரும்புதூரில் ஒரு கம்பெனியில் போன் பாகங்களைச் சோதிக்கும் வேலை எனக்கு. லைன் லீடர் ஆக வேண்டுமென்றால் இங்கிலீஷ் பேசத் தெரிய வேண்டும் என்றார்கள். அதனால் போன வருஷம், காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில் ஞாயிற்றுக்கிழமைகளில் நடந்த வகுப்பில் சேர்ந்தேன்.

என் கணவர் மாகறலுக்கு ஷேர் ஆட்டோ ஓட்டினார். காலையில் என்னைக் கம்பெனி பஸ் ஏற்றிவிட வரும்போது வழியெல்லாம் பாடம் கேட்பார். ஒன்றோடு ஒன்றை ஒப்பிட்டுப் பேசும் பாடம் வந்தபோது அவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. தமிழில் எதோடு ஒப்பிட்டாலும் 'பெரிய' என்பது 'பெரிய'தான். பக்கத்தில் ஒரு 'விட' போட்டால் போதும். இங்கிலீஷில் சொல்லே மாறுகிறது. பிக், பிக்கர், பிக்கெஸ்ட். நீளமான சொல்லாக இருந்தால் முன்னால் மோர், மோஸ்ட்.

"மோர் பிக்கர்னு சொன்னா இன்னாமா தப்பு?"

"ரெண்டும் சேரக்கூடாதாம். ஏதாவது ஒண்ணுதான் போடணும்."

"நம்ம ஆட்டோல ஜனம் நெருக்கிக்கினு குந்தலியா? அதுவும் குந்திக்கினு போவட்டும்" என்று சிரித்தார்.

எந்த விதிக்கும் அடங்காத சொற்களை மனப்பாடம் செய்யத்தான் வேண்டும். குட், பெட்டர், பெஸ்ட். பேட், வொர்ஸ், வொர்ஸ்ட். நான் வீட்டில் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருப்பேன். காய் நறுக்கியபடியே என் மாமியாரும் கூடவே முணுமுணுப்பார்.

மழை விட்ட வாரத்தில் கணவருக்குக் காய்ச்சல் வந்தது. டெங்கு என்று ஆஸ்பத்திரியில் சேர்த்துக்கொண்டார்கள். டாக்டர் தன்னோடு வந்த சின்ன டாக்டரிடம் இங்கிலீஷில்தான் பேசினார். மறுநாள் அவர், "பெட்டர் தேன் யெஸ்டர்டே" என்றது எனக்குத் தெளிவாகப் புரிந்தது. ஓடிப்போய், வெளியே உட்கார்ந்திருந்த மாமியாரிடம் சொன்னேன்.

"நேத்தைவிட நல்லா இருக்குதாம் அத்தை. பெட்டராம்."

அவர் கோயில் இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டார். அன்று நாங்கள் இருவரும் வயிறு நிறைய சாப்பிட்டோம்.

அடுத்த நாள் டாக்டர் கட்டிலருகில் கொஞ்சம் அதிக நேரம் நின்றார். பிளேட்லெட் பற்றி ஏதோ பேசினார்கள். பாதி புரியவில்லை. கடைசியாகச் சொன்ன ஒரு சொல் மட்டும் புரிந்தது. அவர்கள் நகர்ந்ததும் கணவர் கண்ணைத் திறந்தார்.

"வொர்ஸ்னாரு இல்ல?"

பாடம் கேட்டுக் கேட்டு அவருக்கும் அது வந்திருந்தது. நான் தலையசைத்தேன். வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன் என்று பயமாக இருந்தது.

"வொர்ஸ்ட்னு சொல்லல. அதுக்கு இன்னும் ஒரு படி கீது. நீ போயி டீ குடிச்சிட்டு வா."

வெளியே மாமியார் என் முகத்தையே பார்த்தார்.

"நேத்தைவிட மோசமா இருக்குதாம் அத்தை."

"பெட்டருன்னு சொல்லுவாங்களே, அத சொல்லலியாமா?"

"இல்ல அத்தை. இன்னிக்கி சொல்லல."

அதற்கு மறுநாள் மத்தியானம் என் கணவர் போய்விட்டார். அப்போது டாக்டர் தமிழில்தான் பேசினார்.

துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லோரும் யாரையாவது என்னோடு ஒப்பிட்டார்கள். "உனக்காவது வேலைன்னு ஒண்ணு இருக்குது. தாமல் ஊர்ல எங்க சொந்தக்காரப் பொண்ணுக்கு அதுவும் இல்ல" என்றார் ஒருவர். "கைக்கொழந்தையோட நின்னவ எல்லாம் இருக்காமா" என்றார் இன்னொருவர். ஆறுதலுக்குத்தான் சொன்னார்கள். அந்தப் பெண்களை நினைத்தும் எனக்கு அழுகை வந்ததே தவிர, என் பாரம் இம்மிகூடக் குறையவில்லை. மாமியார் மகனின் காக்கிச் சட்டையைத் துவைக்க விடாமல் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

வகுப்புக்குத் திரும்பப் போனேன். அங்கே வேறு பாடத்துக்குப் போய்விட்டிருந்தார்கள். என்னைவிடச் சின்னவளான அந்த டீச்சர், ஒப்பிடும் பாடத்தில் விட்டுப்போன பக்கங்களைத் தனியாகச் சொல்லிக் கொடுப்பதாகச் சொன்னாள். "அது எனக்குத் தெரியும் டீச்சர், மேல போலாம்" என்றேன். அவள் கொஞ்ச நேரம் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

இந்தச் சித்திரையில் லைன் லீடர் ஆனேன். பஸ் நிற்கும் இடத்துக்கு இப்போது நடந்தே போகிறேன். முதல் நாள் வேலை முடிந்து வந்ததும் மாமியார் தட்டை எடுத்து வைத்தார்.

"மனசு எப்டிமா இருக்குது?"

"அப்படியேதான் அத்தை."

"எனக்கும்தான்" என்றவர், தனக்கும் ஒரு தட்டு எடுத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.