பதினான்காம் நட்சத்திரமும் பதினோரு பெயர்களும்

ஆராய்ச்சி நிலையத்தில் அவளைக் கோட்டக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். இருபத்து நான்கு வருஷமாக, தரைத்தளத்தில், ஜெராக்ஸ் மெஷினுக்கும் மாடிப்படிக்கும் நடுவே பலகை வைத்துத் தடுத்த ஓர் அறையில் உட்கார்ந்து கோடு பார்க்கிறாள். எங்கோ மலைமேல் இருக்கும் தொலைநோக்கி, நட்சத்திரத்தின் ஒளியைப் பட்டையாகப் பிரித்து அனுப்பும். பட்டையில் கறுப்புக் கோடுகள் இருக்கும். கோடு தன் இடத்தைவிட்டு எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று பார்த்தால், அந்த நட்சத்திரம் என்ன வேகத்தில் ஓடுகிறது என்று தெரிந்துவிடும். கம்ப்யூட்டரே சொல்லும். ஆனால் நட்சத்திரம் மங்கலாக இருந்தால் கம்ப்யூட்டர் வாய்க்கு வந்ததை உளறும். அங்கேதான் கோட்டக்கா வேண்டும். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்து, இது கோடு, இது வெறும் இரைச்சல் என்று பிரித்துவைப்பாள்.

மாடியில் இருக்கிற பதினோரு ஆராய்ச்சியாளர்கள் அந்த எண்களை எடுத்துக்கொண்டுபோய்க் கட்டுரை எழுதுவார்கள். கட்டுரையின் தலையில் அவர்கள் பெயர் இருக்கும். கடைசிப் பக்கத்தின் அடியில், எறும்பு எழுத்தில், 'தொழில்நுட்ப உதவிக்கு நன்றி' என்று ஒரு வரி இருக்கும். அந்தத் தொழில்நுட்ப உதவிதான் கோட்டக்கா.

இதில் அவளுக்கு வருத்தம் இல்லையா என்றால், ஏன் இல்லாமல்? பெரிய மனசு, பற்றற்ற உள்ளம் என்றெல்லாம் நான் கதை விடப்போவதில்லை. ஒரே ஒரு கட்டுரையிலாவது தன் பெயர் மேலே வர வேண்டும் என்று அவள் தவியாய்த் தவித்தாள்.

இயக்குநரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கெட்டவர் இல்லை. கேமரா எங்கே இருக்கிறது என்று தெரியாமல் அவர் கழுத்து எந்தப் பக்கமும் திரும்பாது, அவ்வளவுதான். ஆண்டுவிழாவில் தவறாமல் ஒரு வசனம் பேசுவார். நம் கோட்டக்காவும் வானத்தில் இருக்கிற கரும்பொருள் மாதிரிதான், கண்ணுக்குத் தெரியமாட்டார், ஆனால் எல்லாவற்றையும் தாங்குகிறவர் அவர்தான் என்பார். கைதட்டல் கூரையைப் பிளக்கும். மூன்றாவது வரிசையில் மஞ்சள் புடவையில் முழுசாக உட்கார்ந்திருக்கும் கோட்டக்காவுக்கு, நான் எப்படிய்யா உன் கண்ணுக்குத் தெரியாமல் போனேன் என்று பற்றிக்கொண்டு வரும்.

அப்போதுதான் பொடிசு வந்து சேர்ந்தது. அது ஒரு குட்டி விண்மீன் மண்டலம். அதற்குப் பெயர் என்று ஒரு நீள எண் உண்டு. பொடிசு என்பது கோட்டக்கா வைத்தது. அத்தனை மங்கல். அதில் அளக்க முடிந்தது பத்தொன்பது நட்சத்திரங்களைத்தான். கயிற்றில் கல்லைக் கட்டிச் சுழற்றினால், கல்லின் வேகத்தை வைத்துக் கயிறு எவ்வளவு வலுவானது என்று சொல்லலாம் இல்லையா? அதேபோல நட்சத்திரங்கள் ஓடுகிற வேகத்தை வைத்து, அவற்றைப் பிடித்துவைத்திருக்கும் எடையைச் சொல்லிவிடலாம். பொடிசுக்குள் கண்ணுக்குத் தெரிகிற எடையைப் போல மூவாயிரம் மடங்கு இருக்க வேண்டும் என்று கணக்கு வந்தது. மிச்சம் எல்லாம் கரும்பொருள். வானத்திலேயே இருட்டான வீடு இதுதான் என்று இயக்குநர் பொடிசைத் தலையில் தூக்கிவைத்துக்கொண்டு ஆடினார். கட்டுரை எழுதி முடிக்குமுன்பே சுவரொட்டிக்கு மாதிரி வந்துவிட்டது.

குஷியில் இருந்த மனுஷர், கோட்டக்காவிடமும் வாயை விட்டார். இந்தக் கட்டுரையில் அவள் பெயர் நாலாவதாக வரும் என்றார். அவள் கணவர் பஸ் டிரைவர். அன்று சாயங்காலத்துக்குள் டெப்போ முழுக்கத் தண்டோரா போட்டுவிட்டார். கல்லூரிக்குப் போகும் மகள்தான், நாலாவது என்றால் வெண்கலம்கூடக் கிடைக்காதே அம்மா என்று காலை வாரினாள். கோட்டக்கா சிரித்துக்கொண்டே அவள் தலையில் ஒரு தட்டு தட்டினாள்.

மறு வாரம், அதே பத்தொன்பது நட்சத்திரங்களையும், முதல் தடவை எடுத்து ஒரு வருஷம் கழித்து, மலையில் திரும்ப எடுத்த பட்டைகள் வந்தன. பதினெட்டும் போன வருஷம் சொன்னதையே சொல்லின. பதினான்காவது மட்டும் வினாடிக்கு முப்பது கிலோமீட்டர் மாறியிருந்தது. தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடி அளந்தாள். அதே முப்பது. ஒரே வருஷத்தில் ஒரு நட்சத்திரம் இப்படி வேகம் மாற வேண்டுமென்றால் பக்கத்திலேயே அதற்கு ஒரு ஜோடி நட்சத்திரம் இருக்க வேண்டும். அது ஜோடியைச் சுற்றிக்கொண்டு கிடக்கிறது. அதன் வேகத்துக்கும் பொடிசின் எடைக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அந்த ஒன்றை எடுத்துவிட்டுக் கணக்குப் போட்டால் மூவாயிரம் மடங்கு ஆவியாகிவிட்டது. கரும்பொருள் இருக்கலாம், இல்லாமலும் போகலாம் என்றுதான் சொல்ல முடிந்தது.

'இரைச்சல்' என்று குறித்து அந்தப் பட்டையை ஒதுக்கிவிட்டால் மாடியில் ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. நாலாவது பெயர் பத்திரமாக இருக்கும். ஐந்து நிமிஷம் யோசித்தாள். பொய் எதற்கு, பதினைந்து நிமிஷம் யோசித்தாள். அப்புறம் இரண்டு பட்டைகளையும் அச்செடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள்.

இயக்குநர் பட்டைகளைப் பார்த்தார், சுவரொட்டியைப் பார்த்தார், அப்புறம் அவளைப் பார்த்தார்.

"ரெண்டாவது தடவை அளக்கச் சொல்லி யாரும்மா உங்ககிட்ட கேட்டா?"

"நீங்கதான் சார். அட்டவணையில உங்க கையெழுத்து இருக்கு."

இந்த வருஷம் மலையில் வானிலை சரியில்லை என்று மழுப்பினார். மற்ற பதினெட்டுக்கும் அதே வானிலைதானே சார் என்றாள். பார்க்கலாம் என்றார். பார்த்தார். பத்தொன்பதாம் நாள் கட்டுரை போயிற்று. பதினான்காம் நட்சத்திரம் இருந்த இடத்திலேயே இருந்தது. புதுப் பட்டைகளைப் பற்றி மூச்சு இல்லை. நாலாவது பெயரைக் காணோம். அவள் நட்சத்திரத்தை எடுக்கச் சொன்னாள். அவர்கள் அவளை எடுத்துவிட்டார்கள்.

கட்டுரை அச்சில் வந்த அன்று கேமரா வந்தது, கேக் வந்தது, இயக்குநரின் கழுத்து எல்லாத் திசையிலும் திரும்பிற்று. கோட்டக்கா அன்று குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். டெப்போவில் கேட்டவர்களுக்கெல்லாம், அடுத்த கட்டுரையில் வருகிறது என்று சொல்லிச் சொல்லி அவள் கணவருக்கு வாய் வலித்தது.

ஏழு மாதம் கழித்துக் குட்டு உடைந்தது. வேறொரு நாட்டுக் குழு இன்னும் பெரிய தொலைநோக்கியில் பொடிசைப் பார்த்து, பதினான்காவதுக்கு ஜோடி இருப்பதாக மிக மரியாதையாக ஒரு கடிதம் எழுதியது. கட்டுரையை வெளியிட்ட இதழ், உடனே திருத்தம் வேண்டும் என்றது. மாடியில் கூட்டம். கோட்டக்காவுக்கும் ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். அப்போதே அவளுக்குச் சந்தேகம். ஒருவர் அந்த மாதம் முழுக்க விடுப்பில் இருந்தாராம். இன்னொருவர் வரைபடத்துக்கு வண்ணம் மட்டும்தான் பார்த்தாராம். கட்டுரை பிறந்தபோது பதினோரு பேரும் தகப்பன். இப்போது பிள்ளை யாருடையது என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

"அளந்தது நீங்கதானேம்மா," என்றார் இயக்குநர், குரலில் தேன் ஒழுக. "திருத்தத்தை நீங்களே எழுதிடுங்க. உங்க பேர்லயே வரட்டும். ரொம்ப நாளா ஆசைப்பட்டீங்களே."

இருபத்து நான்கு வருஷம் சரியாக அளந்ததற்குக் கிடைக்காத பெயர், இப்போது பழியைச் சுமக்கக் கிடைக்கிறது. சரி சார் என்று மட்டும் சொல்லிவிட்டுக் கீழே இறங்கினாள்.

மறுநாள் காலை மாடியில் மறுபடி கூட்டம். எட்டு வரி எழுதிக்கொண்டுவந்து வைத்தாள். ஏழு வரி நட்சத்திரத்தைப் பற்றியது. எட்டாவது வரி இது: 'இந்த நட்சத்திரத்தின் வேகம் மாறியிருப்பது, கட்டுரை அனுப்பப்படுவதற்குப் பத்தொன்பது நாட்களுக்கு முன்பே இந்நிலையத்தில் அளக்கப்பட்டு, அன்றே இயக்குநரிடம் தெரிவிக்கப்பட்டது.'

இயக்குநரின் காது சிவந்தது. பதினோரு பேரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

"இந்தக் கடைசி வரி எதுக்கும்மா?"

"தப்பு எங்க நடந்துச்சுன்னு சொல்லணும்ல சார். அளந்ததுல நடக்கல."

"அதை எடுத்துடலாமே."

"எடுத்துடுங்க. கூடவே என் பேரையும் எடுத்துடுங்க. இங்க இருக்கிறவங்கள்ல யாராவது ஒருத்தர் பேரைப் போட்டு அனுப்பிடலாம்."

இயக்குநர் மேஜையைச் சுற்றி ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். ஒருவருக்கு அவசரமாக போன் பார்க்க வேண்டியிருந்தது. ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வண்ணம் பார்த்தவர் விட்டத்தைப் பார்த்தார். கோட்டக்கா கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தாள். அவளுக்கு எந்த அவசரமும் இல்லை.

"இருக்கட்டும்," என்றார் இயக்குநர். எட்டு வரியும் அப்படியே அச்சில் வந்தன.